ஒழுக்கம் பிறவியிலா, மதத்திலா, ஊரிலா? இராமநாதபுரம் கடற்கரைப் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று இந்தக் கரை நெடுகக் கோயிலும் பள்ளிவாசலும் மாதா கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. "சாமி பயம் இல்லாத பிள்ளை எப்படி உருப்படும்?" என்ற கேள்வி மூன்று பக்கமிருந்தும் ஒரே குரலில் வருகிறது. அதையும் அதை ஒட்டி வரும் மற்றக் கேள்விகளையும் ஆய்வுகள் சொல்வதை வைத்து இங்கே பார்க்கிறோம்.

முதலில் சுருக்கமாகச் சொல்லுங்கள். ஒழுக்கம் பிறவியிலேயே வருவதா, சொல்லிக்கொடுத்து வருவதா?

அடுத்தவர் அழுதால் மனம் உறுத்துவது, கைகொடுக்கத் தோன்றுவது, தனக்குக் குறைத்துக் கொடுத்தால் சுருக்கென்று தைப்பது ஆகிய மூன்றும் எந்த வீட்டில் பிறந்த பிள்ளைக்கும் பாடம் தொடங்கும் முன்பே வந்துவிடுகின்றன. யாருடைய அழுகையைக் கணக்கில் எடுக்க வேண்டும், எதைக் குறை என்று சொல்ல வேண்டும், கோபத்தை எப்படிக் காட்டலாம் என்பதையெல்லாம் வீடும் ஊரும் மதமும் கற்றுத்தருகின்றன. பெரிய அநியாயங்கள் நடக்கும் இடங்களில் பெரும்பாலும் இரக்கமே இல்லாத மனிதர்களை நாம் பார்ப்பதில்லை. இரக்கம் உண்டு; அது யார் வரை போகலாம் என்ற எல்லை மட்டும் குறுகியிருக்கும். எங்கள் கவலை முழுக்க அந்த எல்லையைப் பற்றியது.

சொல்லிக்கொடுக்காமலே வருகிறது என்பதற்கு ஆதாரம் என்ன?

உறுதியானது 2006இல் ஃபீலிக்ஸ் வார்னெகனும் மைக்கேல் டொமாசெல்லோவும் வெளியிட்ட ஆய்வு. 18 மாதக் குழந்தைகள் 24 பேர். முன்பின் தெரியாத ஒருவர் துணி காயப்போடுகிறார். கையிலிருந்து கிளிப் நழுவி விழுகிறது. எட்டி எடுக்கப் பார்க்கிறார், எட்டவில்லை. முதல் 10 விநாடி அவர் கிளிப்பை மட்டும் பார்ப்பார். அடுத்த 10 விநாடி கிளிப்பையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் வாய் திறப்பார். பெரும்பாலும் முதல் 10 விநாடிக்குள்ளேயே குழந்தை தத்தித் தத்திப் போய் எடுத்துக் கொடுத்துவிட்டது. கொடுத்த வேலைகளில் ஒன்றிலாவது உதவியவர்கள் 24 பேரில் 22 பேர். அதே ஆள் கிளிப்பை வேண்டுமென்றே வீசினால் குழந்தைகள் அந்த அளவுக்கு எடுக்கப் போகவில்லை. விழுந்ததை எடுக்கும் விளையாட்டாக இருந்தால் அப்போதும் எடுத்திருக்க வேண்டும். அடுத்தவரின் முயற்சி தடைபட்டதைக் குழந்தை புரிந்துகொண்டது என்பதற்கு இந்த வித்தியாசம்தான் சாட்சி.

விலங்குகளிடமும் இதன் வேர் தெரிகிறது. 1964இல் வெளியான ஒரு சோதனையில், சங்கிலியை இழுத்தால் தனக்கு உணவு, பக்கத்துக் குரங்குக்கு மின் அதிர்ச்சி என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒரு ரீசஸ் குரங்கு 12 நாள் சங்கிலியைத் தொடவே இல்லை, பட்டினி கிடந்தது. (விலங்கை இப்படி வதைத்துச் செய்யும் சோதனைக்கு இன்று அனுமதி கிடைப்பது கடினம். அதுவும் ஒழுக்கத்தின் எல்லை விரிந்ததற்கு ஓர் அடையாளம்.)

ஆறு மாதக் குழந்தைக்கே நல்லவர் கெட்டவர் தெரியும் என்று காணொளியில் பார்த்தோம். உண்மையா?

அந்தச் செய்தி 2007இல் வந்த ஒரு ஆய்விலிருந்து வருகிறது. மேட்டில் ஏறத் திணறும் ஒரு மரப் பொம்மை. ஒரு பொம்மை கீழிருந்து தள்ளி ஏற்றிவிடுகிறது, இன்னொன்று மேலிருந்து கீழே தள்ளுகிறது. பிறகு இரண்டையும் நீட்டினால், 10 மாதக் குழந்தைகள் 16 பேரில் 14 பேரும், 6 மாதக் குழந்தைகள் 12 பேரும் உதவிய பொம்மையைத்தான் தொட்டார்கள். உலகம் முழுவதும் பரவிய முடிவு அது.

2024இல் 37 ஆய்வகங்கள் சேர்ந்து 567 குழந்தைகளிடம் அதையே திரும்பச் செய்து பார்த்தன. உதவிய பொம்மையை எடுத்தவர்கள் ஏறக்குறைய பாதிப்பேர்தான். காசைச் சுண்டினாலும் அதே பாதிதான் வரும். இந்த முறை நேரில் பொம்மலாட்டமாகக் காட்டாமல் காணொளியாகக் காட்டினார்கள். மாற்றத்துக்கு அது காரணமாக இருக்கலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். எப்படியும் 28 குழந்தைகளை வைத்து மனித இனம் பற்றித் தீர்ப்புச் சொன்னது அவசரம். 18 மாதத்தில் உதவும் மனம் இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். 6 மாதத்தில் தீர்ப்புச் சொல்லும் அறிவு இருக்கிறது என்று இப்போதைக்குச் சொல்லாமல் இருப்பது நல்லது.

திருடக் கூடாது என்று சாமி சொன்னதால்தானே திருட்டு தப்பு?

கடவுள் விரும்புவதால் ஒன்று நல்லதாகிறதா, நல்லது என்பதால் கடவுள் விரும்புகிறாரா என்று சாக்ரடீஸ் கேட்டதாகப் பிளேட்டோ எழுதி 2,300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இதைப் பிள்ளைகளிடமே கேட்டுப் பார்த்தவர் லாரி நூச்சி. கட்டுப்பாடான மெனோனைட் கிறிஸ்தவக் குடும்பப் பிள்ளைகளிடமும் வைதீக யூதக் குடும்பப் பிள்ளைகளிடமும் கேட்டார். "ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாது என்று வேதத்தில் எழுதியிருக்காவிட்டால் வேலை செய்யலாமா?" என்றால், செய்யலாம் என்றார்கள். "திருடலாம் என்று எழுதியிருந்தால் திருடலாமா?" என்றால் பெரும்பாலோர் முடியாது என்றார்கள். கடவுள் அப்படிச் சொல்லவே மாட்டார் என்று சொன்னவர்களும் உண்டு. கடவுளை நல்லவர் என்று நம்புவதற்கே நன்மை பற்றிய ஓர் எண்ணம் முன்கூட்டியே மனதில் இருக்க வேண்டும் என்பது அந்தப் பதிலுக்குள் இருக்கிறது. பக்தியுள்ள வீட்டுப் பிள்ளைகள் சொன்ன பதில் இது என்பதைக் கவனியுங்கள்.

இதை நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்க்க முடியுமா?

முடியும். 4 வயதுக்கு மேல், பத்தே நிமிடம் போதும். எலியட் டூரியல் என்ற உளவியலாளர் வகுத்த முறையை நம் கரைக்கு ஏற்றபடி தருகிறோம்.

நான்கு சின்னச் சம்பவங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு, யாரையாவது நோகடிப்பவை: ஒரு பையன் இன்னொருவனை மணலில் தள்ளிவிட்டான், ஒரு பிள்ளை பொறுக்கி வைத்த சிப்பியை இன்னொரு பிள்ளை எடுத்துக்கொண்டது. இரண்டு, வழக்கம் சார்ந்தவை: சீருடை போடாமல் பள்ளிக்கு வந்தது, வெறுந்தலையோடு தொழுகைக்கு நின்றது, அல்லது தவக்கால வெள்ளியில் கறி சாப்பிட்டது. உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அதை எடுங்கள். இரண்டு வகையையும் கலந்து கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் இந்த வரிசையில் நான்கு கேள்வி:

"அது சரியா, தப்பா?"
"டீச்சரே பண்ணலாம்னு சொல்லிட்டா?"
"வேற ஊர்ல எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்கன்னா, அங்க பண்ணலாமா?"
"ஏன்?"

முதல் கேள்விக்கு எல்லாவற்றையும் தப்பு என்றுதான் சொல்லும். பிரிவு தெரிவது இரண்டிலும் மூன்றிலும். சீருடைக்கு "டீச்சர் சொன்னா சரி" என்று இறங்கிவரும் பிள்ளை, மணலில் தள்ளியதற்கு இறங்கி வராது. "ஏன்" என்றால் ஒன்றுக்கு "மிஸ் திட்டும்", மற்றதற்கு "அவனுக்கு வலிக்கும்ல" என்று வரும்.

கெட்டுப்போகும் இடங்கள் சில உண்டு. பிள்ளை நேற்றுச் செய்த குறும்பையே கதையாக்கினால் விசாரணை என்று நினைத்து வாயை மூடிக்கொள்ளும். தெரிந்த பிள்ளையின் பெயரைப் போட்டால் பதில் அந்தப் பிள்ளையின் மேலுள்ள பிரியத்தைச் சொல்லும். அண்ணனோ அக்காவோ பக்கத்தில் இருந்தால் அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் பதில் வரும். "ஏன்" என்பதை முதலில் கேட்டால் சின்னப் பிள்ளை குழம்பும். எல்லாவற்றையும்விட முக்கியம், பதிலைக் கேட்டு "அப்படியா சொல்லுவே?" என்று முகம் மாறாமல் இருப்பது. மாறினால் அடுத்த மூன்று சம்பவங்களுக்கும் உங்களுக்குப் பிடித்த பதில்தான் கிடைக்கும்.

அப்படியானால் நோன்பு, விரதம், தீட்டு, உணவு விதி எல்லாம் வெறும் வழக்கமா?

அவ்வளவு சுலபமில்லை. மானிடவியலாளர் ரிச்சர்ட் ஷ்வேடரும் கூட்டாளிகளும் 1987இல் வெளியிட்ட ஆய்வில், புவனேசுவரத்திலும் சிகாகோவிலும் 39 சம்பவங்களைச் சொல்லிக் கேட்டார்கள். கணவனை இழந்த பெண் வாரம் இரண்டு மூன்று முறை மீன் சாப்பிடுகிறாள் என்பது அதில் ஒன்று. சிகாகோவில் அது ஒரு விஷயமே இல்லை. புவனேசுவரத்துப் பிராமணர்கள் அதைக் கடுமையான குற்றம் என்றார்கள். எந்த ஊரில் செய்தாலும் குற்றம் என்றார்கள். மீன் சூடு, ஆசையைத் தூண்டும், இறந்த கணவனின் ஆவி புண்படும் என்பது அவர்கள் நம்பிக்கை. டூரியல் தரப்பு இதற்கு ஒரு நல்ல மறுமொழி சொன்னது: யாரையும் நோகடிக்கக் கூடாது என்பதில் இரு ஊரும் ஒன்றுதான், ஆவிக்கு நோகுமா என்பதில்தான் வேறுபாடு.

இந்த மறுமொழியை நாங்கள் பாதிதான் ஏற்கிறோம். மீன் மறுக்கப்பட்ட அந்தப் பெண்ணின் பசி கண்முன் இருக்கிறது. ஆவியின் நோவு யாரும் பார்க்காதது. ஒரு விதி பற்றி வீட்டில் சண்டை வந்தால் "இதை மீறினால் யாருக்கு நோகும், கடைப்பிடித்தால் யாருக்கு நோகும்?" என்று இரண்டு பக்கமும் கேளுங்கள். தானே விரும்பி இருக்கும் நோன்பில் யாருக்கும் நோவு இல்லை. அடுத்தவர் மேல் சுமத்தும் விரதத்தில் உண்டு.

செய்யும் தொழில் ஒழுக்கத்தை மாற்றுமா? கடல் தொழிலில் என்ன விசேஷம்?

மாற்றும் என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. ஜோசப் ஹென்ரிக் தலைமையில் 15 சிறு சமூகங்களில் ஒரு பங்கீட்டு விளையாட்டை நடத்தி 2001இல் வெளியிட்டார்கள். ஒருவரிடம் ஒரு தொகை தரப்படும். அடுத்தவருக்கு எவ்வளவு என்று அவர் ஒரே ஒரு முறை சொல்ல வேண்டும். மற்றவர் ஏற்றால் அப்படியே பங்கு. மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. பெருவின் காட்டில் குடும்பம் குடும்பமாகத் தனித்து வாழும் மச்சிகெங்கா மக்கள் சராசரியாகக் கால் பங்குதான் கொடுத்தார்கள். இந்தோனேசியாவின் லமலேரா ஊரில், பெரிய படகில் சேர்ந்து போய்த் திமிங்கிலம் பிடிப்பவர்கள், பாதிக்கும் மேல் கொடுத்தார்கள். (அங்கே பணத்துக்குப் பதில் சிகரெட் பாக்கெட் வைத்து ஆடினார்கள், பணம் வைத்தால் சூதாட்டம் போலாகிவிடும்.) தனியாளாகப் பிடிக்க முடியாத மீனைச் சேர்ந்து பிடிப்பவர்களுக்குப் பங்கில் நியாயம் பழகியே போயிருக்கிறது. வடகிழக்குப் பிரேசிலில் நடந்த இன்னோர் ஆய்விலும், ஏரியில் தனித்தனியாக மீன்பிடிப்பவர்களைவிடக் கடலில் கூட்டாகப் போகிறவர்கள் அதிகம் ஒத்துழைத்தார்கள்.

நம் கரையில் இதை ஆய்வாளர் வந்து சொல்லத் தேவையில்லை. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்துப் படகுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு இவ்வளவு, படகில் போனவர்களுக்கு இவ்வளவு என்ற பங்குக் கணக்கு ஊருக்கு ஊர் மாறினாலும், கணக்கில் ஒளிவு இருந்தால் அந்தப் படகில் அடுத்த முறை ஆள் ஏற மாட்டார்கள். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரம் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்ற ஏற்பாடு நீண்ட சண்டைக்குப் பிறகு வந்த ஒழுங்கு. பாம்பன் பக்கத்தில் மரிக்கொழுந்துப் பாசி என்ற கடற்பாசியை எடுக்கும் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாறை இடுக்கில் கையை விட்டுப் பறிப்பார்கள். பாசி தழைக்க வேண்டும் என்று, மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது எனத் தாங்களே பேசி முடிவு செய்தார்கள். எந்த வேதத்திலும் இல்லாத விதி அது. பிறக்கும்போது யாரும் கொண்டுவந்ததும் இல்லை. கூடிப் பேசியதில் பிறந்த ஒழுக்கம்.

மதத்துக்கு இதில் பங்கே இல்லையா?

உண்டு, பெரிய பங்கு. 2016இல் வெளியான ஆய்வு ஒன்றில் 8 சமூகங்களைச் சேர்ந்த 591 பேர் கலந்துகொண்டார்கள். மொரிஷியஸ் இந்துக்களும் அதில் உண்டு. 30 காசு, இரண்டு கிண்ணம், இரண்டு நிறப் பகடை. ஒரு கிண்ணம் தூரத்து ஊரில் இருக்கும் தன் மதத்துக்காரருக்கு, மற்றது தனக்கு அல்லது தன் ஊர்க்காரருக்கு. மனதுக்குள் ஒரு கிண்ணத்தை நினைத்துக்கொண்டு பகடையை உருட்ட வேண்டும். ஒரு நிறம் விழுந்தால் நினைத்த கிண்ணத்தில் காசு, மற்ற நிறம் விழுந்தால் அடுத்த கிண்ணத்தில். மனதில் நினைத்ததை யாரும் பார்க்க முடியாது என்பதால் ஏமாற்றினாலும் பிடிபடாது. ஆனால் நேர்மையாக ஆடினால் 30இல் சுமார் 15 காசு ஒவ்வொரு பக்கமும் போக வேண்டும். குறைவைக் கூட்டிப் பார்த்தால் கூட்டமாக எவ்வளவு சாய்ந்தது என்று தெரிந்துவிடும். தங்கள் கடவுள் எல்லாம் அறிந்தவர், தண்டிப்பவர் என்று அதிகம் நம்பியவர்கள், கண்ணால் காணாத தூரத்து மனிதருக்கு அதிகக் காசு போட்டார்கள்.

ஊருக்குள் இருந்த நியாயத்தைத் தெரியாதவர் வரை நீட்ட மதம் உதவியிருக்கிறது. ஆனால் அந்தக் கிண்ணம் தன் மதத்துக்காரருடையது. வேற்று மதத்தாருக்கும் அதே கை நீளுமா என்பதை அந்த முடிவு சொல்லவில்லை.

மத நம்பிக்கையுள்ள பிள்ளைகள்தான் குறைவாகப் பகிர்கிறார்கள் என்று ஓர் ஆய்வு வந்ததே?

2015இல் வந்தது, 2019இல் திரும்பப் பெறப்பட்டது. 6 நாடுகளின் பிள்ளைகளை ஒப்பிடும்போது நாடுகளுக்கு 1, 2, 3 என்று அடையாள எண் கொடுத்திருந்தார்கள். கணக்கில் அந்த எண்ணை வெறும் பெயராக எடுக்காமல் அளவாக எடுத்துவிட்டார்கள். திருத்தியபோது, வித்தியாசத்தின் பெரும்பகுதி நாட்டைச் சார்ந்தது என்று தெரிந்தது. பழைய செய்தி இன்னும் சுற்றுகிறது, பகிராதீர்கள்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவரை நம்பலாமா?

நம்பலாம். 13 நாடுகளில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், கொடூரக் கொலை செய்தவர் நாத்திகராக இருப்பார் என்று கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள்கூட ஊகித்தார்கள். அந்தச் சந்தேகம் அவ்வளவு ஆழமாகப் பழகிப்போனது. பழக்கத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஊரே சரி என்று ஏற்றுக்கொண்ட ஒன்று தப்பாக இருக்க முடியுமா?

மனநோய் குணமாகும் என்று நம்பி மக்கள் வரும் தர்கா உள்ள ஏர்வாடியை நினைத்துப் பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, மனநலம் பாதித்தவர்களைத் தங்கவைத்திருந்த ஒரு தனியார் விடுதியில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. கட்டி வைத்தவர்களும் கொண்டுவந்து விட்ட குடும்பங்களும் இரக்கமற்றவர்கள் என்று சொல்லிவிட முடியாது. எத்தனையோ தாய்மார் கண்ணீரோடு தர்காவுக்கு வந்தவர்கள். அந்தச் சங்கிலியைப் பராமரிப்பின் ஒரு பகுதி என்று எல்லோரும் பார்க்கப் பழகியிருந்தார்கள். பிறவி இரக்கம் அங்கே இருந்தும் போதவில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. அதே ஏர்வாடியில் துவாவோடு (பிரார்த்தனையோடு) மருந்தும் என்ற ஏற்பாட்டில், தர்காவுக்கு வருபவர்கள் மனநல மருத்துவரையும் பார்க்க வழிசெய்யப்பட்டது. நம்பிக்கையை உடைக்காமல் நோவைக் குறைத்தது அது. ஊர் கற்றுத்தந்ததை ஊரே திருத்திக்கொள்ளவும் முடியும்.

பரிவுக்கு எல்லை எது? எல்லோருக்காகவும் வருந்த முடியுமா?

நம் கரைக்கு மிகக் கடினமான கேள்வி இது, அதனால் நேராகவே பேசுகிறோம். நம் விசைப்படகுகளின் இழுவை மடி (இழுவை வலை) கடலடியை வழித்துக்கொண்டு வரும்போது, எதிர்க்கரையான இலங்கையின் தமிழ் மீனவர் மாலையில் விட்டுவைத்த வலையும் அறுந்து வருகிறது. நம் ஆட்கள் சிறைப்பட்டால் பாம்பனே அழுகிறது, அந்த அழுகை நியாயமானது. யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ காலையில் வெறும் மிதவையைப் பார்த்து நிற்பவரின் இழப்பு நமக்குக் காட்சியாக வருவதில்லை. இரக்கம் கண்ணுக்குத் தெரிகிற முகத்தில்தான் வேகமாகப் பற்றும். இருட்டில், எல்லைக்கோட்டுக்கு அப்பால் அது பற்றுவதில்லை. இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டமாகத் தடைசெய்தது என்பதோடு விஷயம் முடியவில்லை. கடன் வாங்கிப் படகு கட்டியவர் வேறு தொழிலுக்கு எப்படி மாறுவார் என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். ஆனால் பேச்சுவார்த்தையில் இரு கரை மீனவர்களும் நேருக்கு நேர் உட்கார வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்: அங்கேதான் அந்த முகம் தெரியும்.

பிறவியிலேயே இந்த உணர்வு இல்லாதவர்களும் உண்டா?

மிகச் சிலருக்கு மூளைப் பாதிப்பால் குறையலாம். 16 மாதம் ஆகும் முன்பே நெற்றிப் பகுதி மூளையில் பாதிப்பு ஏற்பட்ட இருவரைப் பற்றி 1999இல் ஓர் ஆய்வு வந்தது. நல்ல வீட்டில், அன்பாக வளர்ந்தும் அவர்களுக்குச் சரி தப்பு பிடிபடவில்லை. கற்றுக்கொள்ளவும் ஒரு பிறவிக் கருவி தேவை என்பதை இது காட்டுகிறது. அடங்காத பிள்ளையைப் பார்த்து இந்த முடிவுக்கு வராதீர்கள். இது மிக அரிது.

"சாமி கண்ணைக் குத்தும்" என்று சொல்லி வளர்க்கலாமா? பரிசு கொடுக்கலாமா?

பயம் காட்டினால் பிள்ளை பார்ப்பது தண்டனையை. யாரும் பார்க்கவில்லை என்று தோன்றிய நாளில் தடை போய்விடும். பலன் தருவது, நடந்ததை நோவோடு இணைத்துச் சொல்வது: "நீ தள்ளினதுல தம்பிக்கு முட்டி தேஞ்சிருக்கு பாரு. என்ன பண்ணலாம்?" மூன்று விஷயம் அதில் இருக்க வேண்டும்: என்ன செய்தான், யாருக்கு என்ன ஆனது, இப்போது எப்படிச் சரிசெய்வது. ஒரு நிமிடத்துக்கு மேல் நீட்டினால் காதில் ஏறாது. கோபத்தின் உச்சியில் சொன்னாலும் ஏறாது, அழுகை அடங்கட்டும்.

பரிசில் கவனம் தேவை. 20 மாதக் குழந்தைகளுக்கு உதவிய ஒவ்வொரு முறையும் விளையாட்டுப் பொருள் கொடுத்துப் பார்த்தார்கள் (2008). கொடுப்பதை நிறுத்தியதும், ஒன்றுமே பெறாத குழந்தைகளைவிடக் குறைவாக உதவினார்கள். வாய்ச்சொல் பாராட்டு அந்தக் கெடுதலைச் செய்யவில்லை.

எந்த வயதில் எதை எதிர்பார்க்கலாம்?

3 வயதுப் பிள்ளையிடம் 4 ஸ்டிக்கர் கொடுத்து, இன்னொரு பிள்ளைக்கு எத்தனை தர வேண்டும் என்று கேட்டால் "பாதி" என்று சரியாகச் சொல்லும். கொடுக்கச் சொன்னால் தனக்கு அதிகம் வைத்துக்கொள்ளும். 2013இல் வந்த இந்த முடிவைப் பார்த்து எந்தத் தாயும் ஆச்சரியப்பட மாட்டார். சொல்வதும் செய்வதும் ஒன்றாவது 7, 8 வயதில்தான். அதனால் 3 வயதில் பங்கிடாத பிள்ளையைச் சுயநலக்காரன் என்று பட்டம் கட்டாதீர்கள்.

தனக்குக் குறைவது உறுத்துவது முதலில் வரும். தனக்குக் கூடுவது உறுத்துவது வெகு பின்னால். இந்தியா உட்பட 7 நாடுகளில் 4 முதல் 15 வயதுப் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்காரவைத்துச் செய்த ஆய்வு 2015இல் வந்தது. ஒரு பிள்ளை பச்சைப் பிடியை இழுத்தால் தட்டில் உள்ள பங்கு இருவருக்கும் போகும். சிவப்பை இழுத்தால் யாருக்கும் இல்லை. தனக்குக் குறைவென்றால் சிவப்பை இழுப்பது 7 நாடுகளிலும் இருந்தது. தனக்குக் கூடுதல் என்றாலும் சிவப்பை இழுத்தது கனடா, அமெரிக்கா, உகாண்டா ஆகிய மூன்றில் மட்டும். முதலாவது ஏறக்குறைய எல்லோருக்கும் பொது. இரண்டாவது வளரும் இடத்தைப் பொறுத்தது. மதரஸாவிலோ மறைக்கல்வியிலோ பள்ளியிலோ நேரம் ஒதுக்க வேண்டியது அந்த இரண்டாவதற்கு. 8 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் தின்பண்டத்தைப் பங்கிடும் பொறுப்பைக் கொடுங்கள். பங்கிடுபவர் கடைசியில் எடுக்க வேண்டும் என்பது மட்டும் விதி. வாரம் ஒருவர் என்று மாற்றிவிடுங்கள். எண்ணிக்கை சமமாக வராதபடி 10 பேருக்கு 13 முறுக்கு வையுங்கள். மிச்சம் மூன்றை என்ன செய்வது என்று அவர்களே பேசட்டும், நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்லாதீர்கள்.